ஆடிக்கு முன்னால் திருப்பிய டிஷ்

ஜூலை 10, வியாழன்

மத்தியானத்திலிருந்து மழை. திகாம் பத்து டவுனில் சாக்கடை பொங்கி, தண்ணீர் என் ஃபேன், டிஷ் கடை வாசல் வரை. அட்டைப் பெட்டிகளை எல்லாம் பலகை மேல் ஏற்றியாச்சு. ஃபிட்டர் கோபாலுக்கு இடுப்புப் பிடிப்பு. பாதிப் பெட்டி நானே தூக்கினேன்.

செய்ய வேண்டியது:
– மீட்டருக்கு பேட்டரி
– புதுத் திசைகாட்டி. பழையதில் முள் ஒட்டுது.
– ஏணிக் கயிறு
– சரோவுக்கு முட்டி வலி எண்ணெய் (மறந்தால் வீட்டில் சோறு இல்லை)

வர்ற செவ்வாய் புதுச் செயற்கைக்கோளை ஏவுகிறார்கள். நம்ம வட்டாரம் முழுக்க டிவி, இன்டர்நெட், போன் எல்லாம் அதன் வழியாகத்தான் இனிமேல். இப்போது மேலே இருப்பதற்கு வயசாகிவிட்டது, வருஷக் கடைசியில் நிறுத்தப் போகிறார்கள். புதுசு வானத்தில் நிற்கப்போவது வேறு இடம். ஆக, ஊரில் உள்ள டிஷ் எல்லாவற்றையும் அந்தப் பக்கம் திருப்பணும். கம்பெனிச் சுற்றறிக்கை: அறிவிப்பு வரும்வரை எதையும் தொடாதே.

அறிவிப்பு எப்போது வரும்? கம்பெனிக்காரனுக்கே தெரியாது. அடுத்த வியாழன் ஆடி பிறக்குது. பாடாங் மேஹா தோட்டத்தில் கோயில் பொறுப்பு லெட்சுமி அக்கா கையில். ஆடி பிறந்தால் புதுசா ஒரு ஆணி அடிக்க விடமாட்டார். போன வருஷம் ஒருத்தன் ஆடியில் புது ஃபேன் மாட்ட வந்து, மாட்டாமலே திரும்பினான். ஆவணி வரைக்கும் காத்திருந்தால் கெடா மாநிலத்தில் உள்ள எல்லாத் தோட்டமும் ஒரே நாளில் ஏணி கேட்கும். எனக்கு இருப்பது ஒரு கோபால், அதுவும் இடுப்பு போன கோபால்.

முடிவு: பா.மே. தோட்டத்தை இந்த ஞாயிறே முடித்துவிடுவது.

தரணிக்கு போன் போட்டேன். என் மக. தலைநகர் பக்கம் கண்ட்ரோல் ஸ்டேஷனில் இஞ்சினியர். ஆறு வருஷமாக இந்த ஒரு செயற்கைக்கோளோடுதான் குடித்தனம். அதன் சிறகு அவள் பொறுப்பு. சிறகு என்றால் வெயிலில் கரண்ட் எடுக்கும் தகடு, ரெண்டு பக்கம் ரெண்டு. மடித்து அனுப்புவார்களாம், மேலே போய் விரியுமாம்.

"அப்பா, அது இன்னும் தரையிலதான் இருக்கு. அதுக்குள்ள டிஷ்ஷைத் திருப்புவீங்களா?"

"தாலி கட்டின பிறகா பந்தல் போடுவாங்க?"

"மாப்பிள்ளை கிளம்பிட்டாரான்னு கேட்டுக்கிட்டுப் போடுங்க."

வாய் என்னிடமிருந்துதான் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் பார்த்துத்தான் போனேன்.

பா.மே. வேலை முடிந்தது. லயத்து வீடுகள் அத்தனையும், கடைசியாகக் கோயில் மண்டபத்து பெரிய டிஷ்ஷும். தோட்டத்துக்குள் போனுக்கு லைன் கிடையாது, செம்பனை மரத்தைத் தாண்டி ஒன்றும் வராது. மண்டபத்து டிஷ்ஷில் வருகிற வைஃபைதான் தோட்டத்துக்கே வாய். அதையும் திருப்பினேன்.

காலி வானத்துக்கு டிஷ் வைப்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கு. கோணத்தைக் கணக்குப் போட்டு, திசைகாட்டி பார்த்து, இறுக்கியாச்சு. மீட்டரில் முள் அசையவே இல்லை. கோபால் என் மூஞ்சியைப் பார்த்தான். "வரும்டா" என்றேன்.

லெட்சுமி அக்கா சூடம் காட்டி, ஒவ்வொரு டிஷ்ஷுக்கும் பொட்டு வைத்தார். நடுக் கம்பியிலும் வைக்கப் போனார்.

"அக்கா, அதுல வேணாம். சிக்னல் புடிக்கிற இடம்."

"சாமி பொட்டு உன் சிக்னலை என்னடா பண்ணும்?"

"ஒன்னும் பண்ணாது. ஓரமா வைங்கக்கா, போதும்."

எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்: என் மக அனுப்புறா, புதன்கிழமை படம் வரும், பழசை விட ரெண்டு மடங்கு தெளிவா. நான் இதே லயத்தில் பிறந்தவன், இங்கேயே மோட்டார் சைக்கிளில் சட்டி பானை விற்று ஆரம்பித்தவன். என் பேச்சைத் தட்ட மாட்டார்கள்.

அக்காவின் மருமகள் புனிதா மட்டும் வந்து நின்றாள். நிறைமாசம். புருஷன் ஜொகூர் துறைமுகத்தில் வேலை. தினமும் சாயங்காலம் மண்டபத்தில் உட்கார்ந்துதான் அவனோடு பேசுவாள்.

"மாமா, இன்னைக்குப் பேச முடியாதா?"

"மூணு நாள்மா. மூணே நாள்."

தலையாட்டினாள். சிரிக்கவில்லை.

சரோவின் எண்ணெய் மறந்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஏவவில்லை.

கடையில் பெரிய டிவியில் நேரடியாகப் போட்டு, பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் வந்து, கோப்பி வாங்கிக் கொடுத்து. ராக்கெட் நிற்குது, புகை விடுது, நிற்குது. கடைசியில் வெள்ளைக்காரன் ஏதோ சொல்லி மன்னிப்புக் கேட்டான். மேலே காற்று சரியில்லையாம்.

டயர் கடை ஆ செங்: "தவுக்கே, ரோகெட் தாக் ஜாடி கா?" முதலாளி, ராக்கெட் நடக்கலையா என்கிறான்.

"எசோக் லா." நாளைக்கு என்றேன்.

"உன் மகளுக்கு டயர் வேணும்னா சொல்லு." கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஜூலை 16, புதன்

இன்றும் இல்லை. ஒரு வால்வு. வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப் போட்டார்கள்.

சரோ நாட்காட்டியைப் பார்த்தாள். "வெள்ளியா? ஆடி பொறந்துடுமே."

தரணியிடம் கேட்டேன், ஒருநாள் முன்னால் ஏவ முடியாதா என்று. வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்பா, ராக்கெட் விடுறவங்களுக்கு ஆடின்னா என்னன்னே தெரியாது."

"நீ சொல்லலையா?"

"சொல்றேம்பா. பத்து நாடு சேர்ந்து உக்காந்திருக்கு, எங்கப்பாவுக்கு ஆடி ஆகாதுன்னு எழுந்து நின்னு சொல்றேன்."

பல நாள் தூங்காத குரல். சாப்பிட்டியா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

ஏவுற நேரத்தைப் பார்த்தேன். இந்த ஊர் நேரப்படி வெள்ளிக்கிழமை ராகு காலம். சரோவிடம் சொல்லவில்லை. வெள்ளித் தாளில் ராகு காலத்தை அவள் பார்க்கும் முன் கிழித்துவிட்டேன்.

தோட்டத்துக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. போன் போட்டால் போகாது. வழியை அடைத்தவன் நான்தான்.

ஜூலை 18, வெள்ளி

கடை விடுமுறை. ஷட்டர் பாதி இறக்கி, உள்ளே நானும் சரோவும்.

வெளியே லோரிச் சத்தம். பார்த்தால் பா.மே. தோட்டம்! லெட்சுமி அக்கா, கிழவன் கிழவி, பிள்ளைகுட்டி, எல்லாரும் லோரியில். "இன்னைக்குத்தான் விடுறாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு. எங்க வீட்டு டிவியில ஒன்னும் தெரியல. உன் மக விடுற ராக்கெட்டை நாங்க எங்க போய்ப் பாக்குறது? அதான் உன் கடைக்கே வந்துட்டோம்." குத்தா, சாதாரணப் பேச்சா, தெரியவில்லை. ஷட்டரை முழுக்கத் தூக்கினேன்.

புனிதா வரவில்லை. லோரியில் ஏறக்கூடாது என்று விட்டுவிட்டு வந்தார்களாம்.

ராக்கெட் ஏவுற இடத்தில் ராத்திரி. இருட்டில் ராக்கெட் வெள்ளையாக நிற்குது. எண்ண ஆரம்பித்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். சரோ என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள், கல்யாண நாளுக்கு அப்புறம் இன்றைக்குத்தான். நெருப்பு. சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஏறிச்சு. ஏறிக்கொண்டே போச்சு. ஒரு துண்டு கழன்றது. "ஐயோ உடைஞ்சிருச்சு!" என்று ஒரு கிழவர். இல்லை, அது கழலத்தான் வேண்டும் என்றேன், எனக்கே சந்தேகமாக. கடைசியில் திரையில் அத்தனை பேரும் எழுந்து கை தட்டினார்கள். ஏவுதல் வெற்றி.

வாசலில் பட்டாசு. ஆ செங் எங்கிருந்தோ ஒரு சரம் கொண்டு வந்தான், போன சீனப் பெருநாள் மிச்சம். அக்கா என் தலையில் கை வைத்து, "உன் மக நல்லா இருக்கணும்டா" என்றார். நான் பேசாத பேச்சில்லை. வானத்தையே வாங்கிவிட்டேன் என்பது போல.

"அப்போ இன்னைக்கு ராத்திரி நாடகம் வந்துடுமா?"

"வராம?"

லோரி கிளம்பிப் போன பிறகுதான் தரணி கூப்பிட்டாள். எப்போ படம் வரும் என்று கேட்டேன்.

"அப்பா, ராக்கெட் பாதி வழியிலதான் விட்டுட்டு வரும். அங்கேயிருந்து அது தானா தள்ளித் தள்ளி மேலே போகணும். சில வாரம் ஆகும். அப்புறம் ஒவ்வொன்னா சோதனை. அப்புறந்தான் சேவை. அதுக்குத்தானே அறிவிப்பு வரும்வரை தொடாதேன்னு போட்டிருக்கு?"

ராக்கெட்டும் பஸ் மாதிரி, ஏற்றினால் சேரவேண்டிய இடத்திலேயே இறக்கிவிடும் என்று நினைத்தேன். நாற்பது வருஷம் வியாபாரம் பண்ணியவன்.

ஜூலை 19, சனி



தரணி மறுபடி. மெதுவான குரல். "அப்பா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அம்மாகிட்டகூட."

ஒரு சிறகு விரிந்துவிட்டது. இன்னொன்று விரியவில்லை.

"விரியலன்னா?"

"பாதி கரண்ட்தான். அதை வச்சு அங்க வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போறதே கஷ்டம். போனாலும் பாதி வேலை கூட செய்யாது."

"மாட்டிக்கிச்சா? நம்ம கடை ஷட்டர் மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"ஷட்டர்னா எண்ணெய் விட்டு ரெண்டு தட்டு தட்டலாம்."

"இதை வெயில் பக்கமா திருப்பிக் காட்டுறோம்பா. சூடு ஏறினா கீல் இளகலாம். மறுபடி கட்டளை அனுப்புவோம். இளகலன்னா திரும்பவும்." அப்புறம், "அது என் சிறகுப்பா" என்றாள். சின்ன வயசில் சைக்கிள் செயின் கழன்றால் நான் மாட்டிக் கொடுப்பேன்.

வெளியே தெரிந்தால் பத்திரிகை, பங்குதாரர், ஊர் வாய். இன்னும் உறுதியாகாத விஷயம். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

சரோ கேட்டாள், மக என்ன சொன்னா? "நல்லா இருக்காளாம்."

ஜூலை 21, திங்கள்

காலையில் செர்டாங். அங்கே ஒரு கடைக்குப் பத்து ஃபேன் இறக்கவேண்டியிருந்தது. அந்தக் கடைக்காரர் சாமிநாதனும் டிஷ் ஏஜெண்ட்தான். ஒன்றையும் திருப்பவில்லை.

"நோட்டீஸ் வரட்டும்னு இருக்கேன் அண்ணே. நீங்க எப்படி?"

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"பா.மே.யில முடிச்சிட்டீங்கன்னு சொன்னாங்களே. உங்களுக்கென்ன, வீட்டுலேயே ஆள் வச்சிருக்கீங்க." பல்லைக் காட்டினான். ஃபேனை எண்ணாமலே கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். அது எனக்குப் பழக்கமில்லை.

திரும்பும் வழியில் பா.மே. முச்சந்தி. பெரிய ரோடு ஓரம் வாய்க்கால் கட்டை மேல் ஒரு குடை. காடியை நிறுத்தினேன். புனிதா. வயிற்றைத் தாங்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்து. அந்த இடத்தில் மட்டும்தான் லைன் வருமாம். தோட்டத்திலிருந்து அந்த மண் ரோட்டில் நடந்து வந்திருக்கிறாள். தினமும் வருகிறாளாம்.

"ஏம்மா, இந்த வெயில்ல?"

"வேற எங்க மாமா போறது? வலி எடுத்தா யாரைக் கூப்பிடுறதுன்னு அவருக்குப் பயம். நாளுக்கு ஒரு தடவை என் குரலைக் கேக்கலன்னா அவரு வேலை செய்ய மாட்டேங்குறாராம்." அப்புறம் மெதுவாக, "மூணு நாள்னீங்க" என்றாள்.

என்னிடம் பதில் இருந்தது. உன் போன் என் மகளுடைய சிறகில் மாட்டிக்கொண்டிருக்கு என்று எப்படிச் சொல்வது.

காடியில் ஏற்றி வீட்டில் விட்டேன். அக்கா வெளியே வரவில்லை. ஜன்னலில் நின்று பார்த்தார்.

சாயங்காலம் தரணிக்கு மூன்று தடவை. எடுக்கவில்லை. செய்தி மட்டும்: "இன்னும் இல்லப்பா."

ஜூலை 22, செவ்வாய்

மேகம். மழை வரும் போல, வரவில்லை.

தோட்டத்துக் கோயிலில் ஆடிக் கூழ். போகாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். போகாவிட்டால் அதுவே பதிலாகிவிடும். போனேன்.

கூழ் வாளியோடு லெட்சுமி அக்கா. எல்லார் முன்னாலும், "மாணிக்கம், உன் மக விட்டது மேல போச்சா, இல்ல கடல்ல விழுந்துச்சா?"

"போச்சுக்கா."

"போனது ஏன் பேச மாட்டேங்குது?"

சிரித்தார்கள். ஒரு வயசாளி, "அவனைக் கேக்காதீங்க, அவன் டிஷ் பொட்டு வச்சுக்கிட்டு புகுந்த வீடு போயிருக்கு" என்றார். இன்னும் சிரிப்பு. சிரிக்காதவள் புனிதா ஒருத்திதான். மண்டபத் தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதம் வீங்கியிருந்தது.

ஒரு சிறகு மாட்டிக்கிச்சு, என் மக தூங்கி எத்தனையோ நாளாச்சு, உங்களுக்குச் சிரிப்பு என்று கத்தியிருப்பேன். தரணிக்குச் செய்த சத்தியம் தடுத்தது. கூழ்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"எல்லாரும் கேளுங்க. மக மேல ஒரு தப்பும் இல்ல. தொடாதேன்னு அவளும் சொன்னா, கம்பெனியும் சொல்லிச்சு. ஆடிக்கு முன்னால முடிச்சிடணும்னு அவசரப்பட்டு நான்தான் திருப்பினேன். ராக்கெட் விட்ட மறுநாள் படம் வரும்னு நினைச்சேன். வராது. நாளாகும். எத்தனை நாள்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கே பழைய பக்கம் திருப்பிடுறேன். முதல்ல மண்டபம்."

வியாபாரத்தில் இப்படி ஒரு வாக்கியம் நான் சொன்னதே இல்லை. சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. முழு உண்மையும் இல்லை.

அக்கா வாளியை இறக்கி வைத்தார். "ஆடியில ஏணி வைக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"புதுசு ஆரம்பிக்கத்தானேக்கா கூடாது? நான் பழசுக்குத் திருப்புறேன்."

யோசித்தார். அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"பழசுக்குன்னா சரி" என்றார். "ஆனா பொட்டை அழிக்காதே."

கோபால் ஆடிக்கு மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறான். நானே ஏறினேன். தகரக் கூரை. என் போனை வைஃபை பெட்டி பக்கத்தில் வைத்து, அக்காவைக் கீழே நிறுத்தினேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தால் கத்தணும்.

மரையைத் தளர்த்தி, கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன்.

"இல்ல."

இன்னும் கொஞ்சம்.

"இல்ல... இல்ல. நீ ஒழுங்காத்தான் திருப்புறியா?"

"திருப்புறேன்க்கா."

"இல்ல... ஏய், இரு! பச்சை!"

அதே நேரம் என் போன். டிங். டிங். டிங். டிங். தோட்டத்துக்குள் வந்ததிலிருந்து அடைபட்டுக் கிடந்த செய்தி எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது. எட்டிப் பார்த்ததில் ஸ்பேனர் நழுவி, கூரையில் உருண்டு, கீழே போய்விட்டது.

"உன் மக பேரு வருதுடா. இங்கிலீஷ் எழுத்துல இருக்கு. புனிதா, இங்க வா, படி."

படிக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் புனிதா சத்தமாகப் படித்தாள்: "அப்பா, ரெண்டாவது சிறகும் விரிஞ்சிடுச்சு. விரிஞ்சிடுச்சுப்பா. இப்ப நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லலாம்."

செம்பனை ஓலை மட்டும் உரசுது.

"விரிஞ்சிடுச்சுன்னா?" அக்கா தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். "அப்போ இத்தனை நாளா விரியாமயா இருந்துச்சு?"

டிஷ்ஷைப் பிடித்தபடியே தலையாட்டினேன்.

"அதை வச்சுக்கிட்டா நாங்க சிரிச்சப்போ வாய மூடிக்கிட்டு நின்ன? உனக்கு வாய மூடத் தெரியுமாடா?"

"இந்த வாரந்தான் பழகினேன்க்கா."

அதற்குள் புனிதா தன் போனை எடுத்துவிட்டாள். "என்னங்க, நான்தான். மண்டபத்துலேர்ந்துதான் பேசுறேன்" என்கிற குரல் கேட்டது. மரை இறுக்கவில்லை. கையை எடுத்தால் டிஷ் தொங்கிவிடும், லைன் போய்விடும். எனக்கு இறங்கிப் போய்த் தரணியோடு ஒரு வார்த்தை பேசணும்.

"அக்கா, அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் தூக்கிக் கொடுங்க."

ஸ்பேனர் அவர் கால் பக்கத்திலேயே கிடந்தது. குனியவில்லை. "அவ பேசி முடிக்கட்டும். அப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லு."

நின்றேன்.